அட்டைச் செக்கு

முத்துப்பேச்சியின் தோளில் கிடந்த பொன்னாடையில் வேர்வை வாடை அடித்தது, அது வேறு யாருடைய வேர்வையும் இல்லை, அவளுடையதேதான், போன வருஷத்து வேர்வை, ஏனென்றால் போன வருஷமும் இதே மேடையில் இதே பொன்னாடையைத்தான் போர்த்தினார்கள், ஓரத்தில் இதே இடத்தில்தான் ஜரிகை பிரிந்து நூல் தொங்கியது, அன்றைக்கு விழா முடிந்து ஆட்கள் காப்பிக்குப் போனதும் அட்டெண்டர் பரமசிவம் அண்ணன் வந்து "கொஞ்சம் குனி தாயி" என்று கழுத்தோடு உருவி நாலாக மடித்து ஆபீஸ் பீரோவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்திருக்கலாம். இடையில் எத்தனை தோள் ஏறி இறங்கியதோ, ஒரு ஓரத்தில் சந்தனம், ஒரு ஓரத்தில் சாம்பார், கழுத்துப் பக்கம் யாரோ ஒரு பட்டிமன்ற நடுவரின் தலைச்சாயம். தாளாளர் பேசிக்கொண்டிருந்தார். அவர் மைக்கைப் பிடித்தபோது வேப்பமரத்து நிழல் மேடையின் கீழ்ப்படியில் கிடந்தது, இப்போது அது படியேறி வந்து அவருடைய செருப்பை நக்குகிறது, மைக் செட்டுக்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த தூக்கத்துக்குச் சாய்ந்தாயிற்று, இவர் இன்னும் தன் தாயார் அங்கம்மாள் பெயரில் இந்தக் கல்லூரியைத் தொடங்கிய காலத்தில் இந்த இடத்தில் நரி ஊளையிட்டதிலேயே நிற்கிறார். நரி ஊளையிட்டது போதும், கீழே இறங்கி வாங்கய்யா, எனக்கு நாளைக்குக் கோயம்புத்தூரில் சேர்க்கை முடிகிறது. இதை மனசுக்குள் சொன்னாள். வெளியே சிரித்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் போட்டோக்காரர் எதிரே முட்டி போட்டு நின்று "சிரிம்மா, சிரிம்மா" என்று விரலால் தன் கடைவாயை இழுத்து இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

பேர்தான் பேச்சி. ஊரில் அத்தனை பேரும் இதைச் சொல்லிச் சிரித்தாயிற்று, புதிதாகச் சொல்ல ஒருத்தரும் பாக்கியில்லை. வாயைத் திறந்து அவள் சேர்ந்தாற்போல் பேசுகிற ஒரே வார்த்தை கபடி கபடி கபடி, அதுவும் எதிராளி கட்டத்துக்குள் பாடிப்போகும்போது மட்டும், ஒரே மூச்சில், மூச்சு விட்டால் அவுட். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போய், கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் அவளை அறியாமல் மூச்சு நின்றுவிடும், உள்ளே ஒரு சின்னக் குரல் கபடி கபடி என்று ஓடத் தொடங்கிவிடும். பல் டாக்டர் நாற்காலியில் ஓடியிருக்கிறது. பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் ஓடியிருக்கிறது, அந்தப் பையனின் தாயார் "பொண்ணு என்ன முணுமுணுக்கா" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள், நல்லதாகப் போயிற்று. இப்போதும் ஓடுகிறது. போன வாரம் பூராவும் டி.சி. கேட்டு ஆபீஸ் படிக்கட்டில் ஏறி இறங்கியபோது ஓடிய ஓட்டத்துக்கு ஒரு மாநிலப் போட்டியே பாடி முடித்திருக்கலாம். சூப்பிரண்டு, பிரின்சிபாலைப் பார் என்றார். பிரின்சிபால், உங்க பி.டி. சார் சொன்னால்தான் என்றார். பி.டி. எபநேசர் சார், நிர்வாகத்தைக் கேட்கணும்மா என்றார். நிர்வாகம் என்பது தாளாளர், தாளாளர் பூஜையில் இருந்தார், பூஜை முடிந்ததும் பந்தியில் இருந்தார், பந்தி முடிந்ததும் படுக்கையில் இருந்தார், எழுந்ததும் மறுபடியும் பூஜை, அப்படி ஒரு பக்தி, அந்தச் சாமியே கொஞ்சம் வெளியே போய் அந்தப் பிள்ளையைப் பாருப்பா என்று சொல்லியிருக்கும். கடைசியில் மறுபடியும் சூப்பிரண்டு. செக்கு மாடு தேவலை, அதற்குச் சுற்றி முடித்தால் எண்ணெயாவது வரும்.

சூப்பிரண்டு கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "நீ ஃப்ரீ சீட்டும்மா. ஃப்ரீ சீட்டு பாதியில போறதுன்னா ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டிட்டுத்தான் போகணும்." அவள் "அப்ப அது எப்படி சார் ஃப்ரீ" என்று கேட்டாள். "இருக்கிற வரைக்கும் ஃப்ரீ" என்றார். இதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை, மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரிச் சொன்னார். இருக்கிற வரைக்கும் ஃப்ரீ. இதைச் சேர்க்கும்போது சொன்னார்களா. சேர்க்கும்போது தாளாளர் வீடு தேடி வந்தார், பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா முறத்தை மடியிலிருந்து இறக்காமல் எழுந்து நிற்க, அவர் "உக்காரும்மா, உக்காரு, இனிமே இது நம்ம பிள்ளை" என்றார். நம்ம பிள்ளை. அந்த வார்த்தையில் அம்மா விழுந்தாள், அப்பா விழுந்தார், பக்கத்து வீட்டுப் பூனைகூட வாலைத் தூக்கிக்கொண்டு அவர் காலை உரசியது. நம்ம பிள்ளை மாவட்டத்துக்கு ஆடினாள், பல்கலைக்கழகத்துக்கு ஆடினாள், போன மாசம் மாநிலக் கோப்பையைத் தூக்கி வந்தாள், பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வாசல் வரை நம்ம பிள்ளை படம் போட்ட தட்டி, கீழே "சேர்க்கை நடைபெறுகிறது" என்று அவள் தலையைவிடப் பெரிய எழுத்தில். டி.சி. என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்த அன்றைக்கே நம்ம பிள்ளை, அந்தப் பிள்ளை ஆகிவிட்டாள். நேற்று வராந்தாவில் தாளாளர் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார், "அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிப்போச்சு, மேடை போட்டு எறக்கணும்." அப்படித்தான் இந்த மேடை. பாராட்டி இறக்குகிற மேடை. இத்தனை பேர் முன்னால் மாலை போட்டு, துண்டு போட்டு, மகளே என்று கூப்பிட்டபிறகு எவள் எழுந்து நான் போறேன் என்பாள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு.

முழங்கால் வலித்தது. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடைப் பலகைக்கு ஒரு பக்கம் பள்ளம், ரெண்டும் சேர்ந்து வலது காலிலேயே ஊன்றி உட்கார வேண்டியிருந்தது, வலதுதான் வீங்கியிருக்கிறது. அரையிறுதியில் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள், கோடு அரைச் சாண் தள்ளி இருந்தது, கையை நீட்டித் தொட்டுவிட்டாள், கை தொட்டது, கால் அங்கேயே எங்கேயோ ஒரு சத்தம் போட்டது, பச்சைத் தேங்காய் மட்டை முறிகிற மாதிரி. எபநேசர் சார் ஐஸ் வைத்தார், அப்புறம் பரமசிவம் அண்ணன் தன் மாமியார் வீட்டிலிருந்து ஏதோ ஒரு தைலம் கொண்டுவந்தார், அதைத் தடவினால் கால் ஆறுமோ ஆறாதோ, மைதானத்தில் இருந்த நாய் மொத்தமும் ஊரைவிட்டே போய்விட்டது. ஸ்கேன் எடுக்கணும் சார் என்றாள். நிர்வாகத்தைக் கேட்கணும்மா என்றார். எபநேசர் சார் நல்லவர், அதுதான் அவரிடம் இருக்கிற கோளாறு. அவர் காலில் விழுந்து கேட்டால் அழுதுவிடுவார், அழுதுகொண்டே நிர்வாகத்தைக் கேட்கணும் என்பார். கோயம்புத்தூர்க் காலேஜ் கோச்சம்மா போனில் முதலில் கேட்டதே காலைப் பற்றித்தான். "எந்த மூட்டு, எந்தப் பக்கம், படி இறங்கும்போது வலிக்கா, ஏறும்போது வலிக்கா." இந்தக் கேள்வியை அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை, அம்மா உட்பட. அதற்கு அப்புறம்தான் ஹாஸ்டல், பால், முட்டை, நல்ல ஷூ, மாசாமாசம் கைச்செலவுக்குப் பணம், ரயில்வே ஆள் எடுக்கும்போது கூட்டிக்கொண்டு போவது எல்லாம் சொன்னார். அந்த ஒரு கேள்விக்காகவே போயிருப்பாள். படி இறங்கும்போதுதான் வலிக்கும் மேடம். இப்போது இந்த மேடையிலிருந்து இறங்க ஐந்தாறு படி இருக்கிறது, அதை நினைத்தால் இப்போதே வலிக்கிறது.

சரித்திரத்தில் இரண்டு வருஷம் முடித்தாயிற்று, அங்கே போனால் மறுபடியும் முதல் வருஷத்திலிருந்து. அக்பர் மறுபடி பிறந்து மறுபடி சாவார், பானிபட்டில் இன்னொரு சுற்று வெட்டிக்கொள்வார்கள், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. டி.சி. மட்டும் கைக்கு வரணும், டி.சி.யோடு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு சீட்டும் வரணும், ரெண்டையும் சேர்த்து எல்லாரும் டி.சி. என்றே சொல்லிக்கொள்கிறார்கள். டி.சி. இல்லாவிட்டால் சேரவே முடியாது, சீட்டு இல்லாவிட்டால் சேர்ந்தும் ஒரு வருஷம் ஆட முடியாது, கபடிப் பாய்க்கு வெளியே உட்கார்ந்து அடுத்தவள் ஆடுவதற்குக் கை தட்டணும். கால் வீங்கியவளுக்கு ஒரு வருஷம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், முன்னாடி கேப்டனாக இருந்த ரெக்ஸிலின் அப்படி உட்கார்ந்தாள், இப்போது வள்ளியூரில் ஜவுளிக்கடையில் நைட்டி மடிக்கிறாள், போனில் பேசினால் "ஆளு உக்காந்தா அவ்வளவுதாம்ட்டி" என்கிறாள், அழுவதுகூடக் கிடையாது, பின்னால் யாரோ ரெண்டு மீட்டர் லைனிங் கேட்கிற சத்தம். ஆனாலும் முன்வரிசையில் கோமு உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், கண் அங்கேயே போகிறது. கோமு இடது ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடிக்கிறவள், பிடித்தால் விட மாட்டாள், களத்துக்கு வெளியேயும் ஆளை விடுவதில்லை. நேற்று பாத்ரூம் வாசலில் நிறுத்தி "நீ போயிட்டா எவட்டி பாடுவா" என்றாள். "சண்முகவடிவு பாடுவா" என்றாள் இவள். "சண்முகவடிவு கபடின்னு சொல்லி முடிக்கதுக்குள்ள அவளுக்கே மறந்துரும் எந்தப் பக்கம் திரும்பணும்னு." ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் கோமு சிரிக்காமல் சொன்னாள், "போறதுன்னா போ. ஆனா போறேன்னு சொல்லிட்டுப் போ, ரெக்ஸிலின் அக்கா மாதிரி உக்காந்து கெடக்காத. எரிச்சலா வருது." அவளுக்கும் எரிச்சல், இவளுக்கும் எரிச்சல், யார் பேரில் என்றுதான் தெரியவில்லை, அதனால் ஒருத்தர் பேரில் ஒருத்தர்.

மேடை ஓரத்தில் அது சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. செக்கு. ஆள் உயர அட்டையில் அச்சடித்த பாங்கிச் செக்கு, பக்கத்தில் நிற்க ரெண்டு பேர் வேணும். போன வருஷம் அதைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள், எடுத்ததும் திருப்பி வாங்கிக்கொள்ள பரமசிவம் அண்ணன் வருவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். அப்பா உச்சிமாகாளி குட்டியானை என்கிற சரக்கு வண்டி ஓட்டுகிறவர், செங்கலிலிருந்து சீர்வரிசை வரை ஏற்றாத பொருள் இல்லை, செக்கையும் கயிறு போட்டுக் கட்டி நிமிர்த்தி ஏற்றி, ஊர் பார்க்கட்டும் என்று பஜாரை ஒரு சுற்று சுற்றி, மறுநாள் காலையில் நேரே பாங்கி வாசலில் கொண்டு நிறுத்திவிட்டார். பாங்கிக் காவலாளி தடுத்து, "அண்ணாச்சி, இது கவுண்டர்ல நுழையாது" என்றாராம். "அப்ப கவுண்டரைப் பெரிசாக் கட்டுங்க" என்றாராம் அப்பா. மேனேஜர் எழுந்து வந்தார், அவரும் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்து, இது போட்டோவுக்கு உள்ளது, அசல் செக்கு தனியாக வரும், கையளவுதான் இருக்கும் என்று எடுத்துச் சொன்னார். அப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அசலைக் கையளவு அடிச்சிட்டு நகலை ஆளுயரம் அடிக்கிற ஊரை இங்கனதான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதெல்லாம் அப்பாவே சொன்னது, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மேனேஜர் வாங்கிக் கொடுத்த பட்சணம் ஒன்று கூடிக்கொண்டே போகிறது, இப்போது பரோட்டாவரைக்கும் வந்திருக்கிறது. அன்றிலிருந்து ஊருக்கு அவர் செக்கு மாகாளி. அவள் செக்கு மாகாளி மகள். அசல் வரவே இல்லை. செக்கு ஒரு மழைக்காலம் பூராவும் அடுப்படி ஓட்டுக்கு அடியில் சொட்டுக்குத் தடுப்பாக நின்றது, வெயில் வந்ததும் அம்மா அதை முற்றத்தில் படுக்கப் போட்டு வடகம் காயவைத்தாள், நல்ல வழவழப்பு, ஒட்டாமல் எடுக்க வந்தது. பொங்கலுக்கு முந்தி பரமசிவம் அண்ணன் சைக்கிளில் வந்து "அதக் குடுத்துருங்க மைனி, அடுத்த வாரம் கவிதைப் போட்டி" என்று கேட்டு எடுத்துப் போய்விட்டார். இப்போது இங்கேயிருந்து பார்த்தால் கீழ் மூலையில் வட்ட வட்டமாக வடகத் தடம் தெரிகிறது. நடுவில் ஒட்டிய சீட்டில் செல்வி முத்துப்பேச்சி. சீட்டின் விளிம்பில் அடியில் கிடக்கிற கவிஞரின் இனிஷியல் எட்டிப் பார்க்கிறது. அப்பா மூன்றாவது வரிசையில் வண்டிக் கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். கயிறு எதுக்குப்பா. ஐயோ, கயிறு எதுக்கு.

பக்கத்தில் சிறப்பு விருந்தினர். ஓய்வு பெற்ற தாசில்தார் சிதம்பரதாணு, வெள்ளை வேட்டி, காதில் மிஷின், மிஷின் அவ்வப்போது குருவி மாதிரிக் கத்தும், தட்டி அடக்குவார். வாழ்நாள் பூராவும் பட்டா கொடுத்த கை, சும்மா இருக்காது, வந்ததிலிருந்து எது கண்ணில் பட்டாலும் "குடுங்க, நான் என் கையால குடுக்கேன்" என்று வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டப்பந்தயத்துக் கிண்ணம், பேச்சுப் போட்டிக்குச் சோப்பு டப்பா, கடைசியில் தமிழ்த்துறை வடிவு மேடம் தனக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்து மேடத்திடமே போட்டோவுக்கு நின்று கொடுத்தார். வடிவு மேடம்தான் தொகுப்புரை. ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், "தாளாளர் உரைக்குப் பின் வீராங்கனை முத்துப்பேச்சி, நேரம் கருதி, ரெண்டே ரெண்டு வார்த்தை பேசுவார்." அந்த ரெண்டு வார்த்தையை எபநேசர் சார் காலையில் மைதானத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார், எழுதினால் அது ஒரு பக்கம் வரும். "அய்யாதான் எனக்குத் தெய்வம், இந்தக் கல்லூரிதான் என் தாய் வீடு, கடைசி வரைக்கும் இங்கேதான் ஆடுவேன், இத மட்டும் சொல்லிரும்மா, அவர் மனசு குளிர்ந்துரும், அப்புறம் காலுக்கு நான் பேசுதேன்." அவள் "கடைசி வரைக்கும்னா எது வரைக்கும் சார்" என்று கேட்டாள். அவர் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். தாய் வீடு. தாய் வீட்டிலிருந்துதானே எல்லாரும் ஒரு நாள் கிளம்புகிறார்கள், அங்கேயே கிடந்தால் ஊர் வேறு பேசும். அய்யாதான் எனக்குத் தெய்வம். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், நாக்கு மடங்கவில்லை. கடைசி வரைக்கும். அது மடங்கியது, அதுதான் பயமாக இருந்தது, சொன்னால் சொல்லிவிடுவாள், கை தட்டுவார்கள், அம்மா முந்தானையில் கண்ணைத் துடைப்பாள், கோமு துடைக்க மாட்டாள். பாடிப்போனவள் திரும்பி வராமல் எதிராளி கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு சௌகரியமாக இருக்கிறது என்று சொன்ன மாதிரி இருக்கும். கபடி கபடி கபடி.

தாளாளர் நரியை விட்டுவிட்டு அவளுக்கு வந்துவிட்டார். குரல் நெகிழ்ந்தது, குளிர்ந்தது, மைக் செட்டுக்காரர்கூட ஒரு கண்ணைத் திறந்தார். "இந்த மகளுக்கு நாங்க என்ன குறை வச்சோம். இலவசமாப் படிப்பு, இலவசமாச் சாப்பாடு. இந்த மேடையிலே, விருந்தினர் அய்யா முன்னாலே சொல்லுதேன், இந்தப் பிள்ளை வாயைத் திறந்து எது கேட்டாலும் இந்த நிர்வாகம் இல்லைன்னு சொன்னது கிடையாது. இனியும் சொல்லாது. கேளும்மா, எது வேணும்னாலும் கேளு." கூட்டம் தட்டியது. இதைப் போன வருஷமும் சொன்னார், அதற்கு முந்தின வருஷம் ரெக்ஸிலினுக்குச் சொன்னார், கவிஞருக்கும் சொல்லியிருப்பார். நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க என்று விருந்தில் சொல்வதைக் கேட்டு எவனாவது பீரோவைத் திறந்து பார்ப்பானா. மேடைக்குச் சொல்வது, காற்றோடு போவது. போகட்டும். ஆனால் அது அவள் காதுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது, சிலந்தி வலையில் ஈ மாதிரி இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. எது வேணும்னாலும் கேளு. களத்தில் எதிராளி முன்னேறி வருகிறவரைக்கும் பின்வாங்கிக்கொண்டே இருக்கணும், வந்து காலை நீட்டுவான், நீட்டின கால் உன்னுடையது. இது எபநேசர் சார் சொல்லிக்கொடுத்ததுதான், அதை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். கேளு என்கிறார். நாலு பேர் முன்னால் காலை நீட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார், பளபளவென்று செருப்பு போட்ட கால், நிழல் நக்குகிற கால். பிடிக்கிறது கோமு வேலை, பாடுகிறவளுக்குப் பழக்கமில்லை. முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறிக்கிறது. வேண்டாம். ஆபீஸில் கேட்டுக்கொள்ளலாம், மெதுவாக, தனியாக, சூப்பிரண்டு கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், பிரின்சிபாலைப் பார் என்பார். பிரின்சிபால். பி.டி. பூஜை. பந்தி. சூப்பிரண்டு.

செக்கைத் தூக்கி வந்தார்கள். தாளாளர் ஒரு முனை, சிறப்பு விருந்தினர் ஒரு முனை, "என் கையால குடுக்கேன்" என்று அவர் முழுசையும் தன் பக்கம் இழுத்ததில் தாளாளர் ஒரு எட்டு தடுமாறினார். அவள் வாங்கிக்கொண்டாள். வடகத் தடம் அவள் பெருவிரலுக்கு அடியில் வந்தது, லேசாகச் சொரசொரத்தது, சீரகம் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "சிரிம்மா" என்றார் போட்டோக்காரர். வடிவு மேடம் மைக்கை அவள் வாய்க்கு நேரே இறக்கிவிட்டு, "ரெண்டே வார்த்தை" என்று காதில் சொன்னார். செக்கைப் பிடித்துக்கொண்டு மைக்கையும் பிடிக்க முடியாது. கை ரெண்டும் செக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இதற்காகத்தான் இத்தனை பெரிசாக அடிக்கிறார்கள்போல. கீழே எபநேசர் சார் உதட்டை அசைத்து அய்யாதான் எனக்கு, அய்யாதான் எனக்கு என்று எடுத்துக்கொடுத்தார். அப்பா பாதி எழுந்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். கோமு தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு எரிச்சல், பின்னாலிருந்து பார்த்தாலே பிடரி சொல்லும், முன்னாலிருந்து பார்த்தாலும் உச்சி சொல்கிறது. முத்துப்பேச்சி தாளாளர் பக்கம் திரும்பி, "இதக் கொஞ்சம் பிடிங்கய்யா" என்று செக்கை அவர் கையில் கொடுத்தாள். மகள் கொடுக்கிறாள் என்று அவரும் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் மூச்சை இழுத்தாள், நெஞ்சு முட்ட, கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் இழுக்கிற மாதிரி.

"டி.சி. குடுங்க."

ரெண்டே வார்த்தைதான். கூட்டம் தட்டியது. அந்தக் கூட்டத்துக்கு மைக் நின்றால் தட்டிப் பழக்கம், என்ன சொன்னாள் என்பது அப்புறம்தான் உள்ளே போகும். தட்டி முடித்த பிறகு மெல்ல ஒரு அமைதி வந்தது, வரிசை வரிசையாக, பின்னாலிருந்து முன்னால். அவள் மூச்சை விடவில்லை. இன்னும் எதிராளி கட்டத்தில்தான் நிற்கிறாள், தொட்டாயிற்று, திரும்பணும், திரும்புவதற்கு ஆள் விடணும். தாளாளர் வாயைத் திறந்தார், மைக் அவள் பக்கம் இருந்தது, அதை எட்டிப் பிடிக்கக் கை இல்லை, ரெண்டு கையிலும் செக்கு. சிறப்பு விருந்தினர் காது மிஷினைத் தட்டினார், அது கீச்சிட்டு அடங்கியது. "என்னது கேக்கா பிள்ளை" என்றார். வடிவு மேடம் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளதைச் சொல்லிவிட்டார், "டி.சி. அய்யா, டி.சி. கேக்கா." "டீசியா. அதும் ஒரு சர்ட்டிபிகேட்தான, நல்லாப் பாடுத பிள்ளைக்குக் குடுக்க வேண்டியதுதான" என்று எழுந்துவிட்டார் தாசில்தார், வேட்டியை இறுக்கிக்கொண்டு, "இப்பதான எது கேட்டாலும் குடுக்கம்னீங்க, எங்க அது, கொண்டாங்க, நான் என் கையால குடுக்கேன்." முன்வரிசையில் ஒற்றையாக ஒரு கைதட்டல் கேட்டது, பட், பட், பட் என்று நிதானமாக, அது கோமு. அப்புறம் அணி மொத்தமும். அப்புறம் விவரம் தெரியாத முதல் வருஷத்துப் பிள்ளைகள் எல்லாம். தாளாளர் செக்குக்கு மேலே முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சூப்பிரண்டைத் தேடினார், சூப்பிரண்டு கண்ணாடிக்கு மேலே தாளாளரைப் பார்த்தார், தாசில்தார் வெறுங்கையை நீட்டியபடி நடுமேடையில் நின்றுகொண்டே இருந்தார், வாங்காமல் உட்காருகிற ஆள் இல்லை. தாளாளரின் தாடை ஒரு அங்குலம் இறங்கி ஏறியது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பரமசிவம் அண்ணன் சூப்பிரண்டு இடுப்பிலிருந்து பீரோச் சாவியை உருவினார், பொன்னாடையை உருவுகிற அதே லாவகத்தோடு, டி.சி. புஸ்தகத்தை எடுத்துவர ஆபீஸ் பக்கம் நடந்தார். சாவி குலுங்குகிற சத்தம் வராந்தாவைத் தாண்டி, படி ஏறி, உள்ளே போகிறவரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், அதற்கு அப்புறம்தான் மூச்சை விட்டாள், அது மைக்கில் விழுந்து மைதானம் பூராவும் புயல் மாதிரி ஊதியது. போட்டோக்காரர் இன்னும் முட்டி போட்டபடியே இருந்தார்.

"அய்யா, செக்கைக் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க" என்றார். "சிரிங்க அய்யா, சிரிங்க."